கழற்றி எடுத்த சிவப்பு

ஷ்வைட்னிட்ஸ் என்ற சிறு நகரில் ஒரு வீட்டு அறை. கதவுக்கு மேலே பிரிட்டிஷ் லூயிஸ் துப்பாக்கி ஒன்று தொங்கியது. கூரையிலிருந்த சரவிளக்கு ஒரு விமான இன்ஜினால் செய்தது. சுவரெங்கும் துணித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். விழுந்த விமானங்களின் உடம்பிலிருந்து கத்தியால் வெட்டி எடுத்த எண்கள் அவை. தான் வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சின்ன வெள்ளிக் கோப்பை வேண்டும் என்று பெர்லின் நகைக்கடை ஒன்றில் சொல்லி வைத்திருந்தார் அறையின் சொந்தக்காரர். பத்தாவது, இருபதாவது என்று வரும்போது கோப்பை மட்டும் கொஞ்சம் பெரிதாகும். அறுபதோடு அது நின்றது. ஆசை தீர்ந்துவிடவில்லை, ஜெர்மனியில் வெள்ளி தீர்ந்துவிட்டது.

முதல் உலகப்போரின் ஜெர்மன் விமானி மன்ஃப்ரெட் ஃபான் ரிக்தோஃபன். உலகம் அவரை ரெட் பேரன் என்கிறது. தமிழில் எழுதினால் அது வேறு உறவாகிவிடுவதால் ரிக்தோஃபன் என்றே அழைப்போம்.

கதவுக்கு மேல் தொங்கிய அந்தத் துப்பாக்கி பெர்த்தாங்கல் என்ற கிராமத்திலிருந்து புறப்பட்டது. வடக்கு பிரான்சில், அமியான் நகரத்துக்குப் பத்து கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது அந்த ஊர். பதினெட்டாம் நூற்றாண்டு மாளிகை ஒன்று, தேவாலயம், கல்லறைத் தோட்டம், சுற்றிலும் கோதுமையும் பீட்டும் விளையும் சமவெளி. சோம் பகுதியில் இப்படி நூறு ஊர்கள் இருக்கும். நிலம் தட்டையாக இருந்ததாலும், போர்முனை கிழக்கே எட்டும் தொலைவில் இருந்ததாலும் 1916 பிப்ரவரியில் பிரிட்டிஷ்காரர்கள் இங்கே விமானங்களை இறக்கினார்கள். பிரிட்டனின் முதல் ஒற்றை இருக்கைச் சண்டை விமானப் படைப்பிரிவான 24ஆம் ஸ்குவாட்ரன் வந்தது. அதன் தலைவர் மேஜர் லேனோ ஹாக்கர். விக்டோரியா கிராஸ் விருது பெற்றவர், வயது 25.

1916 நவம்பர் 23 அன்று ஹாக்கர் பெர்த்தாங்கலிலிருந்து கிளம்பினார். வானத்தில் ரிக்தோஃபனை எதிர்கொண்டார். இருவரும் ஒருவர் வாலை ஒருவர் பிடிக்கப் பார்த்து வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும். சுற்றச் சுற்ற, வட்டம் மொத்தமாக ஜெர்மன் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. எரிபொருள் குறைந்து, வேறு வழியின்றி ஹாக்கர் ஊர்ப்பக்கம் திரும்பினார். தலையில் ஒரு குண்டு. ரிக்தோஃபன் கணக்கில் அது பதினோராவது. விழுந்த விமானத்திலிருந்து துப்பாக்கி கழற்றப்பட்டு ஷ்வைட்னிட்ஸுக்குப் போனது. ஹாக்கரை விழுந்த இடத்துக்கு அருகிலேயே ஜெர்மானியர்கள் புதைத்தார்கள். பின்னால் விழுந்த பீரங்கிக் குண்டுகளில் அந்தக் குழியும் காணாமல் போனது.

இந்தக் கட்டுரை துப்பாக்கியைப் பற்றியது அல்ல. ஆனால் கழற்றும் பழக்கத்தை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றது விளங்கும்.

நம் கதாநாயகன் 425/17 என்ற எண் கொண்ட விமானம். 1917ஆம் ஆண்டு எண் வரிசையில் 425 என்று பொருள். பிறந்த இடம் வடக்கு ஜெர்மனியில் ஏரிக்கரை நகரமான ஷ்வெரின். டச்சுக்காரர் அந்தோனி ஃபோக்கரின் தொழிற்சாலை. ஆங்கிலேயரின் சாப்வித் மூவிறக்கை விமானம் ஜெர்மானியர்களைக் கலங்கடித்திருந்தது. அதற்குப் பதிலடியாக ஃபோக்கரின் ஆள் ரைன்ஹோல்ட் பிளாட்ஸ் வரைந்ததுதான் ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று இறக்கை கொண்ட இந்த வண்டி. இரும்புக் குழாய்ச் சட்டம், மரத்தாலான இறக்கைகள், மேலே துணி. இறக்கை முனைக்கு முனை 7.19 மீட்டர். வெறும் எடை 406 கிலோ, அதாவது ஒரு அம்பாசடர் காரின் எடையில் பாதிகூட இல்லை. மொத்தமே சுமார் 320தான் செய்தார்கள். வேகத்தில் அது எதிரிகளைவிடப் பின்தங்கியதுதான். ஆனால் செங்குத்தாக ஏறும், நின்ற இடத்தில் திரும்பும்.

அதன் இன்ஜினைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒன்பது சிலிண்டர், பிரான்சின் லெ ரோன் இன்ஜினைப் பார்த்து ஓபருர்செல் ஆலையில் செய்தது. காரில் சிலிண்டர்கள் அசையாமல் இருக்க, உள்ளே தண்டு சுழலும். இதில் தலைகீழ். தண்டு விமானத்தோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். ஒன்பது சிலிண்டரும் முன்விசிறியோடு சேர்ந்து கிறுகிறுவென்று சுற்றும். சுற்றுகிற வேகத்திலேயே காற்றுப் பட்டுக் குளிர்ந்துவிடும். பெட்ரோல் ஆவி இன்ஜினின் வயிற்றுக்குள் போய்த்தான் சிலிண்டருக்கு ஏறும் என்பதால், பெட்ரோலில் எளிதில் கரையாத எண்ணெய்தான் மசகுக்கு ஆகும். அப்படி ஒரு எண்ணெயை அவர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது நம் பாட்டிகள் சிரித்திருப்பார்கள்: விளக்கெண்ணெய். ஒருமுறை உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. எரிந்தும் எரியாமலும் புகையோடு வெளியே தெறித்து விமானியின் முகத்திலும் கண்ணாடியிலும் படியும். அதை நாள்தோறும் சுவாசித்தவர்களின் வயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.

ஆமணக்கு விதைக்கு அன்று உலகச் சந்தையின் பெரிய ஊற்று இந்தியா. 1917இல் போரில் இறங்கிய அமெரிக்கா தன் விமானங்களுக்காக ஆமணக்கைத் தன் மண்ணிலேயே பயிரிட முனைந்தபோது, விதை இந்தியாவிலிருந்துதான் கப்பலேறியது. பிரிட்டனுக்குக் கவலையே இல்லை. கடல் முற்றுகையில் அகப்பட்ட ஜெர்மனிக்கோ விளக்கெண்ணெய் கிடைக்கவில்லை. வோல்டால் என்ற மாற்று எண்ணெயை ஊற்றினார்கள்; இன்ஜின்கள் சூடேறிப் படுத்தன. போரின் வரலாறுகளில் தளபதிகளுக்குக் கிடைத்த பக்கங்களில் நூறில் ஒரு பங்காவது ஆமணக்குக்குக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இறக்கைகளும் சொல்பேச்சுக் கேட்கவில்லை. 1917 அக்டோபர் 30 அன்று ஹைன்ரிஷ் கோண்டர்மன் என்ற புகழ்பெற்ற விமானியின் மேல் இறக்கை வானத்தில் பிய்ந்தது, அவர் பிழைக்கவில்லை. ஓரிரு நாளிலேயே இன்னொரு விமானம், இன்னொரு சாவு. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஈரம் புகுந்து மரம் ஊறியிருக்கிறது, வேலையும் சுத்தமாக இல்லை. எல்லா மூவிறக்கை விமானங்களையும் தரையிறக்கி, ஃபோக்கர் தன் செலவில் இறக்கைகளைத் திருத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும், 1918 மார்ச் 13 அன்று ரிக்தோஃபனின் தம்பி லோட்டாரின் மேல் இறக்கை முன்விளிம்பு பெயர்ந்து அவர் பலத்த காயத்தோடு விழுந்தார். தம்பி மருத்துவமனையில் கிடக்க, அண்ணன் அதே வகை விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

425/17 அவரிடம் வந்து சேர்ந்தது அந்த வசந்தத்தில். அவர் ஓட்டிய மூவிறக்கை விமானங்களில் பல பகுதி பகுதியாகத்தான் சிவப்பு; இது ஏறக்குறைய முழுச் சிவப்பு. வால் சுக்கான் வெள்ளை. அகன்ற முனைகள் கொண்ட பழைய சிலுவைக் குறியை நேர்க்கோட்டுச் சிலுவையாக மாற்றும்படி மார்ச் மாதம் ஆணை வந்தது. பழையதன் மேலேயே புதியதை வரைந்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் இருக்கும் துணித் துண்டுகளை ஆராய்பவர்கள் அடுக்கடுக்கான அந்தப் பூச்சுகளை வைத்துத்தான் விமானத்தின் பழைய தோற்றத்தைத் திரும்ப வரைகிறார்கள்.

ஏப்ரல் நடுவில் ரிக்தோஃபனின் படை சோம் நதிக்கரையில் உள்ள கப்பி கிராமத்துக்கு வந்து இறங்கியது. மார்ச் 21 அன்று தொடங்கிய ஜெர்மன் பெருந்தாக்குதல் அமியானை நெருங்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம். ஏப்ரல் 20 மாலை, சில நிமிட இடைவெளியில் பிரிட்டிஷாரின் இரண்டு கேமல் விமானங்களை ரிக்தோஃபன் வீழ்த்தினார்: எழுபத்தொன்பது, எண்பது. எண்பதாவது விமானத்தின் விமானி பிழைத்துக்கொண்டார். பல பத்தாண்டு வாழ்ந்து அந்தக் கதையைச் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. காலைப் பனி விலகத் தாமதமாயிற்று. காற்று அன்று வழக்கத்துக்கு மாறாகக் கிழக்கிலிருந்து அடித்தது. ஹாக்கரை ஜெர்மன் பக்கம் தள்ளிய காற்றுக்கு நேர் எதிர்.

பெர்த்தாங்கல் களத்தில் இப்போது இருந்தது 209ஆம் ஸ்குவாட்ரன். மூன்று வாரம் முன்புவரை கடற்படையைச் சேர்ந்தது. ஏப்ரல் 1 அன்று ராயல் ஏர்ஃபோர்ஸ் பிறந்ததும் புது எண் பெற்றது. அதில் கனடாக்காரர் கேப்டன் ராய் பிரௌன், அவருடைய பள்ளித் தோழர் வில்ஃப்ரிட் மே. மே புதுசு. சண்டை தொடங்கினால் நீ மேலேயே ஒதுங்கி நில் என்று பிரௌன் சொல்லி வைத்திருந்தார். எதிர்ப்பக்கத்திலும் அதே அறிவுரையோடு ஒரு புதுப் பையன் சுற்றிக்கொண்டிருந்தார், ரிக்தோஃபனின் உறவினர் வோல்ஃப்ராம். ஒதுங்கியிருந்த மே, ஒதுங்கியிருந்த வோல்ஃப்ராமைப் பார்த்தார். ஆசையை அடக்க முடியவில்லை. பாய்ந்தார், விடாமல் சுட்டார், துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. வீட்டைப் பார்த்து ஓடினார். உறவுப் பையனைத் துரத்தியவனைச் சிவப்பு விமானம் பார்த்துவிட்டது. (அன்று தப்பிய வோல்ஃப்ராம் பத்தொன்பது ஆண்டு கழித்து ஸ்பெயினில் கெர்னிக்கா நகரைக் குண்டுவீசி அழித்த படையின் தலைமை அதிகாரிகளில் ஒருவர். அந்தப் பக்கம் போனால் கதை திரும்பி வராது.)

சோம் பள்ளத்தாக்கு வழியே, மரங்களுக்குச் சற்று மேலே, மே வளைந்து வளைந்து ஓட ரிக்தோஃபன் துரத்தினார். எதிரி மண்ணுக்குள் தாழ்வாகப் போகக் கூடாது என்பது அவரே தன் ஆட்களுக்குச் சொன்ன பாடம். மேலிருந்து பிரௌன் பாய்ந்து சுட்டுவிட்டு விலகினார். துரத்தல் நிற்கவில்லை. மோர்லாங்கூர் மேட்டில் ஆஸ்திரேலியத் துருப்புகள். சார்ஜெண்ட் போப்கின் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார். பீரங்கிப் படையின் ப்யூயியும் எவன்ஸும் லூயிஸ் துப்பாக்கிகளால் சுட்டார்கள். கையில் துப்பாக்கி இருந்த எல்லோரும் சுட்டார்கள். சிவப்பு விமானம் திரும்பியது, தடுமாறியது, வோ-சூர்-சோம் ஊருக்கு மேலே, செயிண்ட் கொலெட் செங்கல் சூளைக்குப் பக்கத்து பீட் வயலில் தடாலென்று இறங்கியது. சக்கரங்கள் முறிந்தன. மற்றபடி விமானம் கிட்டத்தட்ட முழுசாகவே இருந்தது. ஓடிப் போய்ப் பார்த்தவர்கள் கண்டது, இருபத்தாறாவது பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் மீதமிருந்த ஒருவரின் உடலை.

முழுசாக இருந்தது என்றேன். அது சில மணி நேரத்துக்குத்தான்.

யார் என்று அடையாளம் தெரிந்தது. செய்தி பதுங்குகுழிகள் வழியே ஓடியது. பிறகு நடந்ததை எந்த ஊர்த் திருவிழாவிலும் தேர் அலங்காரம் கலைக்கும் வேளையைப் பார்த்தவர் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். ஒருவர் சிலுவைக் குறியை வெட்டினார். ஒருவர் விசிறிக் கட்டையைச் செதுக்கினார். கத்தி இல்லாதவர் கையால் கிழித்தார். விமானியின் உடம்பில் இருந்ததும் தப்பவில்லை, மேல்பூட்ஸ்கூட. ஜெர்மன் பீரங்கிகள் வயலைக் குறிவைத்துக்கொண்டிருந்தபோதும் ஆட்கள் குனிந்து ஓடி வந்து ஒரு துண்டாவது எடுத்துப் போனார்கள். புலாங்வில் களத்திலிருந்த 3ஆம் ஆஸ்திரேலிய ஸ்குவாட்ரன் விமானத்தை மீட்க ஆள் அனுப்பி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தபோது எலும்புக்கூடுதான் மிச்சம். கொண்டுவந்த பிறகும் கழற்றல் நிற்கவில்லை.

கொள்ளை என்று இதைச் சொல்லத் தயங்குகிறேன். ஆஸ்திரேலியா 1917 மே மாதமே போர்ப் பதிவுப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, களத்தில் கிடைப்பதைக் குறிப்போடு சேர்த்து அனுப்பும்படி வீரர்களைத் தூண்டிக்கொண்டிருந்தது. நாளைக்கு ஒரு நினைவகம் கட்ட வேண்டும் என்று சேற்றுக்குள் இருந்தபடியே யோசித்த நாடு அது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கத்தியோடு வந்தவர்கள் எல்லோரும் நினைவகத்தை நினைத்து வந்தவர்கள் அல்ல. ஷ்வைட்னிட்ஸ் அறைக்கு நடந்த அதே வேலைதான், கைகள் மட்டும் நிறைய.

யார் சுட்டது என்ற வழக்கை நான் விரிக்கப் போவதில்லை. அதற்கென்றே ஒரு நூலகம் இருக்கிறது. உடம்பில் பாய்ந்தது ஒரே குண்டு. வலது அக்குளுக்குக் கீழே நுழைந்து, மேல்நோக்கிச் சென்று, இடது மார்பருகே வெளியேறியது. பிரௌனின் விமானத் துப்பாக்கி, போப்கினுடையது, ப்யூயி, எவன்ஸ் வைத்திருந்தவை எல்லாவற்றுக்கும் ஒரே .303 ரவைதான். மருத்துவர்கள் மேலோட்டமாகப் பார்த்தார்களே தவிர முழுப் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. ராயல் ஏர்ஃபோர்ஸ் பிரௌன் பெயரில் எழுதிக்கொண்டது. 209ஆம் ஸ்குவாட்ரனின் சின்னத்தில் தலைகீழாக விழும் சிவப்புக் கழுகு இடம்பெற்றது. ஆஸ்திரேலிய வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் தரையிலிருந்து வந்த குண்டு என்றார். குண்டின் கோணத்தையும், அதன் பிறகும் ரிக்தோஃபன் துரத்திக்கொண்டிருந்த நேரத்தையும் பார்த்தால் பீன் பக்கம்தான் நானும் சாய்வேன்.

ஏப்ரல் 22 மாலை உடல் பெர்த்தாங்கலுக்கு வந்தது. சவப்பெட்டியை ஆறு ஆஸ்திரேலிய விமான அதிகாரிகள் தோளில் சுமந்தார்கள். வீரர்கள் துப்பாக்கிகளைத் தலைகீழாகப் பிடித்து முன்னே நடந்தார்கள். மலர்வளையங்கள், பாதிரியாரின் பிரார்த்தனை, மூன்று முறை வெடி. நான்கு இதழ் கொண்ட விமான விசிறியை அறுத்துச் சிலுவையாக்கித் தலைமாட்டில் நட்டார்கள். எல்லாவற்றையும் படம் பிடித்தார்கள். கல்லறையின் புகைப்படத்தை ஒரு விமானி எடுத்துப் போய் ஜெர்மன் பக்கம் போட்டுவிட்டு வந்தார். ஆஸ்திரேலியர்களின் கைகள் முந்தின நாள் விமானத்தைப் பிய்த்தன, மறுநாள் அதன் விமானியைப் பூப்போல இறக்கின. அந்தக் கைகளுக்கு இரண்டும் முரணாகப் படவில்லை.

ஊருக்குப் பட்டது. சில நாட்களுக்குள் கல்லறை அலங்கோலமாக்கப்பட்டது. ஊர்க்காரர்களின் வேலை என்றே பதிவாகியிருக்கிறது. இதை எழுதும் ஆங்கிலப் புத்தகங்களில் ஒரு முகச்சுளிப்பு தெரியும். எனக்கு அது புரியவில்லை. மார்ச் கடைசியில் அமியான் நகரமே காலி செய்யப்பட்டிருந்தது. கிழக்கேயிருந்து மூட்டை முடிச்சுகளோடு அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள். தங்கள் அப்பா, தாத்தா புதைந்த மண்ணில், தங்களிடம் கேட்காமல், படையெடுத்து வந்தவனை ராணுவ மரியாதையோடு புதைத்தால் ஒரு கிராமம் என்ன செய்யும்? எதிரியை மதிக்கும் பெருந்தன்மை விமானிகளுக்கு எளிது. சண்டை முடிந்து அவர்கள் வேறு தளத்துக்குப் போய்விடுவார்கள். ஊர் அங்கேயே இருக்கும்.

பெர்த்தாங்கல் மாளிகை பிறகு ஆஸ்திரேலியப் படைத்தலைவர் ஜான் மோனாஷின் தலைமையகமாயிற்று. ஆகஸ்ட் 12 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நேரில் வந்து அங்கேயே அவருக்கு ‘சர்’ பட்டம் அளித்தார். மாளிகை வெளியில், கைப்பற்றிய ஜெர்மன் பீரங்கிகளை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

விமானத்தின் பாகங்கள் இதற்குள் கடல் தாண்டத் தொடங்கியிருந்தன. இருக்கை பிரௌனிடம் போய், போருக்குப் பிறகு டொரொன்டோவில் உள்ள ராயல் கனடியன் மிலிட்டரி இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தது. அவருடைய ஸ்குவாட்ரன்காரர்கள் கையெழுத்துப் போட்ட துணித் துண்டும் அங்கே. விமானி கையில் பிடித்திருந்த கட்டுப்பாட்டுக் கம்பும், இடது காலின் மேல்பூட்ஸும் கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில். விளக்கெண்ணெய்க்கு ஏங்கிய இன்ஜின் லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில். உள்ளங்கை அகலச் சிவப்புத் துணிகள் யார் யார் வீட்டுப் பெட்டிகளிலோ கிடந்து, ஏலத்துக்கு வந்து கொண்டிருக்கின்றன.

ரிக்தோஃபன் ஓட்டிய இன்னொரு மூவிறக்கை விமானம் 152/17. அதை யாரும் பிய்க்கவில்லை. முழுசாக, பத்திரமாக, பெர்லின் அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில் அது மொத்தமாகப் போயிற்று. அந்த வகையில் அசல் விமானம் ஒன்றுகூட இன்று உலகில் இல்லை. கண்காட்சிகளில் பறக்கும் சிவப்பு விமானங்கள் எல்லாம் நகல்கள். முழுசாகக் காப்பாற்றியது அழிந்து, கூறு போட்டது மூன்று கண்டங்களில் மிஞ்சியிருக்கிறது. ஆண்டவன் கணக்கு என்று விட்டுவிட வேண்டியதுதான்.

உடலும் ஓரிடத்தில் தங்கவில்லை. போருக்குப் பின் பெர்த்தாங்கலிலிருந்து தோண்டி எடுத்து ஃபிரிகூரில் உள்ள ஜெர்மன் போர்க் கல்லறைக்கு மாற்றினார்கள். 1925இல் இளைய தம்பி போல்கோ அங்கிருந்து பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னாளில் பெர்லின் சுவர் அந்தக் கல்லறைத் தோட்டத்தை ஒட்டியே எழுந்தது. மேற்கே தப்பி ஓடியவர்களைக் குறிவைத்த குண்டுகள் கல்லறைக் கல்லில் பட்டன. 1975இல் வீஸ்பாடனில் குடும்பத்தாரின் கல்லறைக்கு வந்து சேர்ந்தார்.

ஷ்வைட்னிட்ஸ் வீட்டை 1933இல் அவர் தாய் அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். 1945இல் சோவியத் படை வந்தது; கோப்பைகள், துணி எண்கள், சரவிளக்கு, கதவுக்கு மேலிருந்த துப்பாக்கி எல்லாம் கலைந்தன. ஊர் இப்போது போலந்தில், ஷ்விட்னிட்சா என்ற பெயரில் இருக்கிறது. ஹாக்கரின் பெயர், கல்லறை இல்லாத விமானிகளுக்காக அராஸில் எழுப்பிய சுவரில் இருக்கிறது.

செயிண்ட் கொலெட் மேட்டில் சூளையின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. சாலையோரம் ஒரு தகவல் பலகை. அதற்கு அந்தப்பக்கம் வயல், உழுது பயிரிடுகிறார்கள்.